வாக்கிங் பூட்ஸ் போட்டிருக்கிறீர்களா? மறு காலுக்கும் ஏற்பாடு செய்யுங்கள்

பாதத்தில் ஹேர்லைன் விரிசல், கணுக்காலில் மோசமான சுளுக்கு, குதிகால் நாண் கிழிசல் என்று எலும்பு டாக்டரிடம் போனால், இப்போது பலருக்கும் மாவுக்கட்டுக்குப் பதிலாக வாக்கிங் பூட்ஸைத்தான் மாட்டி அனுப்புகிறார்கள். இரண்டு பக்கமும் கெட்டியான பிளாஸ்டிக் சட்டம், வரிசையாக வெல்க்ரோ பட்டைகள், அடியில் வளைந்த தடித்த ரப்பர். கணுக்காலை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு ஆளை நடக்க வைப்பது அதன் வேலை. அதை நன்றாகவே செய்யும்.

பிரச்சினை வேறு இடத்தில் கிளம்பும். பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கேட்டால், "கால் தேவலை, இடுப்புதான் பிடித்து இழுக்கிறது" என்பார்கள். சிலருக்கு நல்ல காலின் முட்டி, சிலருக்குக் கீழ்முதுகு, ஊன்றுகோல் வைத்திருந்தால் தோளும் மணிக்கட்டும். விழுந்தபோது இந்த இடங்களுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. பூட்ஸ் போட்டால் இதெல்லாம் வரத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. முதல் நாளே சில ஏற்பாடுகள் செய்துவிட்டால் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

வலி எங்கிருந்து வருகிறது

முதல் காரணம் உயரம். பூட்ஸின் அடிப்பாகமும் உள்மெத்தையும் சேர்ந்து, மாடலைப் பொறுத்து சுமார் 2 முதல் 4 செ.மீ. வரை அந்தக் காலை உயர்த்திவிடும். ஒரு கால் நீளமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறும், அதைச் சமன்செய்ய முதுகு ஒரு பக்கம் வளையும். நின்றுகொண்டிருக்கும்போது நம்மை அறியாமலே பூட்ஸ் காலின் முட்டியை மடக்கி, முழு எடையையும் நல்ல காலில் போட்டுவிடுவோம்.

அடுத்தது கனம். சில பூட்ஸ் ஒரு கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி முன்னால் வைப்பது இடுப்புத் தசைகள்தான். கணுக்கால் வேறு மடங்காது. தரையில் உரசாமல் காலைக் கொண்டுவர வேண்டுமே என்று உடம்பு ஒரு குறுக்குவழி கண்டுபிடிக்கும்: இடுப்பைத் தூக்கும், அல்லது காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாக வீசும், அல்லது நல்ல காலின் முன்பாதத்தில் எக்கி நிற்கும். ஒரு முறை செய்தால் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் இரண்டாயிரம் அடி நடந்தாலே பூட்ஸ் கால் ஆயிரம் முறை அப்படி வீசப்படும்.

உயரம், கனம், மடங்காத கணுக்கால் என்ற மூன்றில் உயரம்தான் எளிதாகச் சரிசெய்யக்கூடியது. அதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. "மறு காலில் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்" என்று டாக்டரும் பிசியோவும் சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்குள்ளும் ஷூவோடு நடமாடும் நாட்டில் அந்த ஒரு வரி போதும். நாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறவர்கள். வெளியே போகும்போது மட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் பாதமுமாக வீட்டில் நடக்கிறோம். இடுப்பு வலியின் பெரும்பங்கு அந்த நேரத்தில்தான் சேர்கிறது.

முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் இந்த நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் காலில் எவ்வளவு எடை போடலாம்: ஒன்றுமே கூடாதா, பாதியா, தாங்கும் அளவுக்கா? குளிக்கவும் தூங்கவும் கழற்றலாமா? எத்தனை வாரம்? உள்ளே குதிகால் ஆப்பு வைத்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்வி குதிகால் நாண் கிழிந்தவர்களுக்கு முக்கியம். அவர்களுக்குப் பாதம் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்ஸுக்குள் ஆப்பு அடுக்கி, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ஆப்பு இருக்கும்வரை கூடுதல் உயரம், எடுக்க எடுக்கக் குறையும். மறு காலின் உயரத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். டாக்டர் கழற்றலாம் என்று சொல்லாமல் இவர்கள் பூட்ஸைக் கழற்றவே கூடாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து, புண்ணுக்காகப் பூட்ஸ் போட்டவர்களும் அப்படியே.

"பாதி எடை" என்றால் எவ்வளவு என்று குழப்பமாக இருந்தால், எடை பார்க்கும் மிஷினை வைத்து அதன் மேல் பூட்ஸ் காலை அழுத்திப் பாருங்கள். டாக்டர் சொன்ன கிலோவில் முள் நிற்கும்போது கால் எப்படி உணர்கிறது என்று நாலைந்து முறை பழகினால் பிடிபட்டுவிடும்.

உயரத்தை அளப்பது

இதற்கு வீட்டில் இன்னொருவர் வேண்டும். பூட்ஸைச் சரியாக மாட்டிக்கொண்டு, சுவரோரம் மேஜையையோ நாற்காலி முதுகையோ பிடித்தபடி நில்லுங்கள். இரண்டு முட்டியும் நேராக இருக்க வேண்டும். (பூட்ஸ் காலில் எடையே போடக்கூடாது என்று சொல்லியிருந்தால் இந்த வேலையை அந்தக் கட்டம் தாண்டியபின் வைத்துக்கொள்ளுங்கள்.) மற்றவர் உங்களுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலும் கையை வைக்கட்டும். பூட்ஸ் பக்கக் கை மேலே இருப்பது கண்ணுக்கே தெரியும்.

இப்போது நல்ல காலுக்கு அடியில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டு கையும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, அடுக்கின் உயரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் கணக்கு. மில்லிமீட்டர் சுத்தமாக வர வேண்டியதில்லை, ஒரு செ.மீ.க்குள் வந்தால் பெரும்பாலானோருக்குப் போதும். பிறவியிலேயே ஒரு கால் சற்றுக் குட்டையாக இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு அளப்பது நல்லது.

செருப்பை உயர்த்துவது

மறு காலின் அடிப்பாகம் முழுக்க ஒரே சீராக உயர வேண்டும். குதிகாலில் மட்டும் ஒரு துண்டு ரப்பரை வைத்தால் பாதம் முன்னால் சரியும், முட்டிக்கு வேறு மாதிரி வேலை கூடும். ஷூவுக்குள் கூடுதல் மெத்தை வைப்பதும் ஒரு செ.மீ. வரைதான் சரிப்படும்; அதற்கு மேல் போனால் குதிகால் ஷூவைவிட்டு வெளியே வரப் பார்க்கும். ஷூவுக்கு அடியில் பட்டை போட்டு மாட்டுகிற, சமன்செய்யும் ரப்பர் தட்டு ஆன்லைனில் கிடைக்கிறது. நல்லதுதான், ஆனால் விலை கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். அதுவும் ஷூவோடு போடத்தான் சௌகரியம், வீட்டுச் செருப்புக்கு ஒத்துவராது.

என் சிபாரிசு, தெருமுனையில் செருப்புத் தைப்பவர். குதிகால் வலிக்காரர்களும் சர்க்கரை நோயாளிகளும் போடுகிற எம்.சி.ஆர். செருப்பு நமக்குப் புதிதல்ல. அதே மெத்து ரப்பர் ஷீட்டை உங்கள் செருப்பின் அடியில் ஒட்டித் தரச் சொன்னால் புரிந்துகொள்வார். என் அத்தைக்கு இப்படித்தான் செய்தோம். குதிகாலில் பட்டை வைத்த பழைய சாண்டல் ஒன்றைக் கொண்டுபோய், ஸ்கேலில் அளந்த உயரத்தைக் காட்டினேன். அவர் ஷீட்டின் மேல் செருப்பை வைத்துச் சுற்றிலும் பேனாவால் கோடிழுத்து, கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு வெட்டினார். இரண்டு பக்கமும் பசை தடவி, உடனே ஒட்டாமல் காயவிட்டார். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி, சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். இப்படி இரண்டு அடுக்கு. கடைசியில் பிடிப்புள்ள கறுப்பு ரப்பர் ஒன்றை அடியில் ஒட்டி, நான் கேட்காமலே விரல் பக்க முனையைச் சாய்வாகச் சீவினார். "இல்லன்னா வாசப்படியில தட்டும் சார்" என்றார். அந்தச் சீவலைக் கேட்டு வாங்குங்கள், சும்மா சொல்லவில்லை.

செருப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஹவாய் செருப்பு வேண்டாம். உயரம் கூடினால் அது மடங்கி, நல்ல கணுக்காலும் பிசகும். பின்பட்டை வைத்ததாக, காலை நன்றாகப் பிடிப்பதாக இருக்கட்டும். முடிந்தால் வீட்டுக்கு ஒன்று, வெளியே போக ஒன்று. வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், தெருவில் படாத புதுச் செருப்பு என்று காட்டிவிடுங்கள். பூட்ஸின் அடியையும் உள்ளே வரும்போது ஈரத் துணியால் துடைத்துவிட்டால் பேச்சே இருக்காது.

பூட்ஸைக் கழற்றும்போது உயர்த்திய செருப்பையும் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதே கோணல் தலைகீழாக வரும். இரண்டையும் ஒரு ஜோடியாக நினைத்து, சேர்ந்தே போட்டு, சேர்ந்தே கழற்றுங்கள்.

பூட்ஸை மாட்டும் விதம்

தொளதொளவென்று போட்டால் கால் உள்ளே ஆடும், நடை கெடும். முட்டி வரை வருகிற காட்டன் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடி குதிகாலைப் பின்னால் முட்டும் வரை தள்ளி, பட்டைகளை விரல் பக்கத்திலிருந்து மேலே மேலே கட்டுங்கள். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். காற்றடிக்கும் வகை என்றால் பிடிப்பு வரும் வரை அடித்தால் போதும். வீக்கம் சாயங்காலம் கூடும் என்பதால் காலையில் கட்டிய இறுக்கம் மாலையில் அதிகமாகத் தெரியும், தளர்த்திக் கட்டுங்கள். விரல் மரத்துப்போனாலோ பாதத்தின் மேல்பக்கம் குறுகுறுத்தாலோ மேல்பட்டை நரம்பை அழுத்துகிறதா என்று பாருங்கள். தளர்த்தியும் போகாவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

நடப்பது

சின்ன அடி. இதை ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி சரியாகிவிடும். அடி நீளமாகும்போதுதான் காலை வீச வேண்டிவரும். விரல்கள் நேர் முன்னால் பார்க்கட்டும்; பூட்ஸ் காலை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடந்தால் முட்டியின் உள்பக்கமும் இடுப்பும் சீக்கிரமே முனகும். குதிகாலை முதலில் வைத்து, அடிப்பாக வளைவின் மேல் உருண்டு முன்னால் வாருங்கள். அந்த வளைவை வைத்ததே மடங்காத கணுக்காலுக்குப் பதிலாக உருளத்தான். திரும்பும்போது பூட்ஸ் காலை ஊன்றிச் சுழலாமல், நாலு சின்ன அடியாக வைத்துத் திரும்புங்கள்.

கைத்தடி ஒன்று மட்டும் என்றால் அடிபட்ட காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலது காலில் பூட்ஸ் என்றால் இடது கை. பலரும் பூட்ஸ் பக்கமே பிடித்து, அந்தப் பக்கமே சாய்ந்து நடந்து முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அக்குள் ஊன்றுகோல் என்றால் அதன் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில். எடை உள்ளங்கையில் இறங்கணும், அக்குளில் தொங்கக்கூடாது. உயர்த்திய செருப்பு போட்டபின் இந்த அளவையும் திரும்பச் சரிபார்க்கணும்.

மாடிப்படிக்கு ஒரே விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பூட்ஸ் கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்தபின் அடுத்த படி. ஆட்டோவில் ஏறும்போது முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு காலை உள்ளே எடுங்கள். வண்டி ஓட்டும் பேச்சே வேண்டாம், ஸ்கூட்டர் உட்பட.

வீட்டுக்குள்

அடுப்படிதான் ஆபத்தான இடம். நடக்கும்போது எடை மாறி மாறி விழும். நிற்கும்போது முழுக்க நல்ல காலில்தான். காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் உட்கார்ந்தே நடக்கட்டும். தோசை சுடத்தான் நிற்க வேண்டியிருக்கிறது என்றால், செருப்புப் போட மனசில்லாதவர்கள் நல்ல காலுக்கு அடியில் ஆடாத மணைப்பலகையையோ, வழுக்காத மிதியடியை மடித்தோ போட்டுக்கொள்ளலாம். ஒரே இடத்தில் நிற்க மட்டும்தான் இது; அதில் ஏறி இறங்கி நடமாடினால் தடுக்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பது, கடைப் பையை ஒரு கையில் தொங்கவிடுவது இரண்டும் இந்தச் சில வாரத்துக்கு மறந்துவிடுங்கள். முதுகில் மாட்டும் பை சரி.

தரையில் உட்கார வேண்டாம். உட்காருவதைவிட எழுவதுதான் சிக்கல்: முழு உடம்பையும் ஒற்றை முட்டியில் தூக்க வேண்டிவரும். இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்கிற வீட்டில், அதன் மேல் வைக்கிற கமோட் ஸ்டூலை சர்ஜிக்கல் கடையில் வாங்கிவிடுங்கள். சில கடைகளில் வாடகைக்கும் தருவார்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

நாற்காலியில் உட்காரும்போது பூட்ஸ் காலைத் தொங்கவிட்டால் அதன் கனம் முட்டியை இழுக்கும். ஸ்டூலில் தூக்கி வையுங்கள், ஆனால் குதிகாலை மட்டும் முட்டுக்கொடுத்து முட்டியை அந்தரத்தில் விடாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுங்கள். ராத்திரியும் பூட்ஸோடுதான் தூங்க வேண்டும் என்றால், மல்லாந்து படுக்கும்போது அதன் கனத்தில் கால் வெளிப்பக்கம் சாயும். விடிந்தால் இடுப்பு மூட்டு வலிக்கும். பழைய வேட்டியையோ போர்வையையோ சுருட்டித் தொடையின் வெளிப்பக்கம் அண்டக்கொடுத்தால் கால் நேராக நிற்கும். ஒருக்களித்துப் படுப்பவர்கள் இரண்டு முட்டிக்கும் நடுவே தலையணை வைத்து, அது கணுக்கால் வரை தாங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் பத்து நிமிடம்

டாக்டர் தடை சொல்லாதவரை, படுக்கையிலேயே செய்யக்கூடிய சில பயிற்சிகள். காலை நீட்டி, முட்டியின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். இரு காலுக்கும் பத்துப் பத்து. இரண்டு பிட்டத் தசைகளையும் இறுக்கி விடுவது பத்து முறை. மல்லாந்து முட்டியை மடக்கிக்கொண்டு, கீழ்முதுகைப் படுக்கையோடு அழுத்தி விடுவது பத்து முறை. நாள் முழுக்க வளைந்திருந்த முதுகுக்கு இது இதமாக இருக்கும். நல்ல காலின் முட்டியை நெஞ்சுக்குக் கொண்டுவந்து சற்று நேரம் பிடித்திருங்கள். நல்ல காலின் கெண்டைச் சதை இறுகியிருக்கும், உட்கார்ந்து ஒரு துண்டைப் பாதத்தில் போட்டு உங்கள் பக்கம் இழுத்தால் தளரும். பூட்ஸுக்கு வெளியே தெரிகிற விரல்களை அவ்வப்போது ஆட்டிக்கொண்டிருங்கள்.

வலி வந்துவிட்டால்

எங்கே வலிக்கிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். நல்ல காலின் இடுப்பு வெளிப்பக்கம் வலித்தால் உயரத்தைத் திரும்ப அளந்து பாருங்கள், பெரும்பாலும் செருப்பு போதவில்லை அல்லது போடவே இல்லை. பூட்ஸ் பக்கக் கீழ்முதுகு என்றால் காலை வீசியோ இடுப்பைத் தூக்கியோ நடக்கிறீர்கள். யாரையாவது பின்னாலிருந்து போனில் வீடியோ எடுக்கச் சொன்னால் நீங்களே பார்த்துவிடலாம். நல்ல காலின் குதிகால் எரிந்தால் அந்தக் காலில் நிற்பது அதிகம். மணிக்கட்டும் தோளும் என்றால் ஊன்றுகோல் உயரம். வலி மாத்திரையைப் போட்டு நடையைத் தொடர்வது இதில் எதையும் சரிசெய்யாது.

இவை வேறு, காத்திருக்கக்கூடாதவை வேறு. கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தால் அன்றே டாக்டரிடம் போங்கள், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் 108தான். விரல் நீலம் பாய்வது, பூட்ஸுக்குள் புண், காய்ச்சல் இவற்றையும் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரண்டு பாதத்தையும் பார்க்கணும். எடை கூடுதலாகத் தாங்குகிற நல்ல காலிலும் கொப்புளம் வரும், வலி தெரியாது. பூட்ஸைக் கழற்றக்கூடாது என்று சொல்லியிருந்தால் அந்தக் காலை டாக்டரே பார்க்கட்டும்.

கழற்றும் நாட்கள்

டாக்டர் "இனி ஷூ போடலாம்" என்றதும் பலர் பூட்ஸை அன்றே பரணில் போட்டுவிடுவார்கள். கெண்டைச் சதை இளைத்திருக்கும், கணுக்கால் விறைத்திருக்கும். பெரும்பாலும் வீட்டுக்குள் ஷூ, வெளியே பூட்ஸ் என்று சில நாள் மாற்றி மாற்றிப் போடச் சொல்வார்கள். அப்போது மறு கால் செருப்பும் அதோடு மாற வேண்டும்: பூட்ஸோடு உயரமானது, ஷூவோடு அதன் ஜோடி. இந்த நாட்களில் வெறுங்காலில் நடப்பதைவிட இரண்டு காலிலும் ஒரே மாதிரி மெத்தென்ற செருப்பு நல்லது.

எலும்பு கூடியபிறகும் காலை இழுத்து நடக்கும் பழக்கம் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி முன்னால் சின்ன அடியாக நடந்து பழகுங்கள். மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகும் இடுப்போ முதுகோ முட்டியோ வலித்தால் ஒரு பிசியோவைப் பாருங்கள். போகும்போது பூட்ஸையும் மறு காலில் போட்ட செருப்பையும் கையோடு எடுத்துப்போங்கள். அடிப்பாகம் எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே எப்படி நடந்தீர்கள் என்பதை அவரால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும்.